பார் தேர்வுக்கு டியூட்டர்: இரண்டு பேரிடம் படித்த அனுபவம்

அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் பெற ஒருங்கிணைந்த பார் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் ஜூலையில் தோல்வி, அடுத்த ஜூலையில் தேர்ச்சி. இரண்டு முறையும் தனி டியூட்டர் வைத்துக்கொண்டேன்.

முதலாமவரை அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒப்பந்தச் சட்டத்தை அவர் விளக்கினால் நாள் முழுக்கக் கேட்கலாம். ஆனால் நான்கு மாதத்தில் நான் எழுதிக் கொடுத்த விடைகள் ஐந்தைத் தாண்டவில்லை. திருத்தி வந்தவற்றிலும் 'நன்று', 'இன்னும் விரிவாக' என்பதற்கு மேல் குறிப்பு இல்லை. தேர்வோ இரண்டு நாள். ஒரு நாள் முழுக்க 200 கொள்குறி வினாக்கள், ஆறு மணி நேரம்; ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. இன்னொரு நாள் அரை மணிக்கு ஒன்றாக ஆறு கட்டுரைகள், அப்புறம் 90 நிமிடச் செயல்முறைப் பணிகள் (வழக்கறிஞர் வேலையில் வருவது போன்ற ஓர் ஆவணத்தை எழுதுவது) இரண்டு. பாதி மதிப்பெண் எழுத்துக்குத்தான். கேட்டே படித்தவனுக்கு அங்கே கை ஓடவில்லை.

இரண்டாமவர் முதல் வகுப்புக்கு முன்பே என் மதிப்பெண் தாளையும், கடிகாரம் வைத்து எழுதிய இரண்டு விடைகளையும் அனுப்பச் சொன்னார். ஒன்று கவனக்குறைவு வழக்கு. கடையில் ஒருவர் வழுக்கி விழுகிறார். கேள்வியில் உள்ள தகவல்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிடச் சொன்னார். பதினொன்று இருந்தன. என் விடையில் வந்தவை நான்கு. தரை ஒரு மணி நேரமாக ஈரமாகக் கிடந்தது என்று கேள்வியிலேயே இருந்தது; நான் அதைத் தொடவே இல்லை. "விதி உங்களுக்குத் தெரிகிறது. இந்தத் தரைக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று எழுதவில்லையே" என்றார். நான் எங்கே தோற்றேன் என்று அன்றுதான் புரிந்தது.

கொள்குறி வினாக்களுக்கு ஒரு நோட்டு போடச் சொன்னார். சரியான விடையை ஏன் தள்ளினேன் என்று தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. மூன்று வாரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: செவிவழிச் சாட்சியத்தில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் சொன்னதை அது உண்மை என்று நிரூபிக்கக் கொண்டுவருவதில், அந்தக் கூற்றை எதை நிரூபிக்கக் கொண்டுவருகிறார்கள் என்று நான் பார்ப்பதே இல்லை. உடனே பாடத்தை நிறுத்திவிட்டு, அதை மட்டும் கேட்டு இருபது கேள்விகள் கொடுத்தார்.

குறையும் உண்டு. திருத்திய தாள் சில சமயம் நான்கு நாள் கழித்துத்தான் வரும். செயல்முறைப் பணிகளுக்கு அவர் அதிக நேரம் ஒதுக்கவில்லை. அதற்கு வேண்டிய சட்டம் வினாத்தாளோடே வந்துவிடும் என்பதால் பழைய தாள்களை வைத்து நானே பழகிக்கொண்டேன்.

இப்போது டியூட்டர் தேடுபவர்கள் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். 2026 ஜூலையிலிருந்து சில மாநிலங்கள் நெக்ஸ்ட்ஜென் என்ற புதிய தேர்வுக்கு மாறுகின்றன. உங்கள் மாநிலம் எப்போது மாறுகிறது, அந்த வடிவத்துக்கு அவரிடம் பயிற்சி இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.