வழிபாட்டுக் கூடத்துக்கு ஒலி, ஒளிக் கருவிகள் வாங்கவிருப்போர் கவனத்துக்கு

எங்கள் வழிபாட்டுக் கூடத்துக்குப் புதிய ஒலிபெருக்கி அமைப்பும் ப்ரொஜெக்டரும் போட்டுத் தந்த நிறுவனம், சொன்னது ஒன்றும் கொடுத்தது ஒன்றுமாக எங்களை ஏமாற்றிவிட்டது. அத்தனையும் நன்கொடைப் பணம். ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. கொடுத்த பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. ஆனால் இதே வித்தையை இன்னொரு கூடத்திலும் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, என்ன விற்றார்கள், எப்படி விற்றார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

அவர்கள் செய்துகாட்டிய டெமோவிலேயே சூது இருந்தது. ஆளில்லாத கூடத்தில் மேடையின் இருபுறமும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை நிறுத்தி, நேர்த்தியாகப் பதிவு செய்யப்பட்ட இசையை ஒலிக்கவிட்டார்கள். தரை அதிர்ந்தது, கூடம் முழங்கியது, பார்க்க வந்திருந்த பெரியவர்கள் மகிழ்ந்துபோனார்கள். மைக்கில் ஒருவரைப் பேசவைத்துக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டதற்கு, "அதெல்லாம் ஃபிட்டிங் முடிந்ததும் செட் பண்ணிக் கொடுத்துவிடுவோம் சார்" என்று தட்டிக்கழித்தார்கள். முழங்கும் கூடம் இசைக்கு அழகு சேர்க்கும், பேச்சைக் கெடுக்கும். இது அந்தத் தொழிலில் இருப்பவர் எவருக்கும் தெரிந்த விஷயம். வழிபாட்டுக் கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஓதுவதையும் உரையையும்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு உண்மை வெளிப்பட்டது. கூட்டம் நிறைந்த நாட்களில் முன்பாதியில் இருப்பவர்களுக்கு ஓரளவு கேட்கிறது. சிலர் மட்டுமே வரும் நாட்களில் மூன்றாவது வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிடுகிறது. காது மந்தமான முதியவர்கள், தங்களுக்குத்தான் கேட்கும் திறன் போய்விட்டது என்று எண்ணி வருவதையே குறைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது பணத்தைவிட இதுதான்.

கூடத்தை அளக்காமலே கொட்டேஷன் கொடுத்தார்களே, அங்கேயே மோசடி தொடங்கிவிட்டது. ஒலி நின்ற பின் அதன் அளவு 60 டெசிபல் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) குறைவதற்கு ஆகும் காலத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்காததன் காரணத்தை 1895இல் ஆராயப் புகுந்த வாலஸ் சேபின் கண்டறிந்த கணக்கு இது: கூடத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் அந்த நேரம் விநாடியில் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கன அளவு 1,680 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 928 சதுர மீட்டர். வழவழப்பான கல்லும் பூச்சுச் சுவரும் கண்ணாடியும் சராசரியாக 5 விழுக்காடு ஒலியைத்தான் உறிஞ்சும் என்று கொண்டால், உறிஞ்சும் பரப்பு 46.4 சதுர மீட்டர், எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 5.8 விநாடி ஆகிறது. ஆளுக்கு அரைச் சதுர மீட்டர் உறிஞ்சுகிற 200 பேர் உள்ளே அமர்ந்தால் அது 2 விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். பேச்சு தெளிவாக விளங்க ஒரு விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. கூட்டம் குறைந்த நாளில் ஏன் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்புகின்றன என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். இதைப் போட்டுப் பார்க்க ஒரு டேப்பும் கால்குலேட்டரும் போதும்.

இப்படிப்பட்ட கூடத்துக்கு வேண்டியது, ஒலியை ஆட்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் செலுத்துகிற, உயரத்தில் பொருத்திக் கீழ்நோக்கிச் சாய்த்த தூண் போல ஒடுக்கமான காலம் (column) ஸ்பீக்கர்கள். எங்களுக்கு வந்தவையோ காது மட்டத்தில் நிறுத்தி வைக்கும் அகலமான பெட்டிகள். முன்வரிசையினரின் தலைகள் ஒலியை மறித்துக்கொள்ள, மிச்சமெல்லாம் பக்கச் சுவர்களில் மோதித் திரும்பியது.

நாங்கள் முறையிட்டபோது, தனியாகப் பணம் பெற்றுக்கொண்டு பின்பகுதியில் மேலும் இரண்டு ஸ்பீக்கர்களைப் போட்டார்கள். நிலைமை முன்னைவிட மோசமானது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், மேடையிலிருந்து 15 மீட்டர் கடந்து வர 44 மில்லி விநாடி பிடிக்கும். கம்பி வழியாகப் போகும் மின் சமிக்ஞையோ பின் ஸ்பீக்கரை உடனே அடைந்துவிடும். அந்த இடைவெளிக்கு ஏற்றபடி பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். ஒலியைச் சரிசெய்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்சரில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்துபோகும் அந்த வேலையை அவர்கள் செய்யவில்லை. பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்டது. நாமே அதைச் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால், கருவியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்கு, அது கம்பெனி ரகசியம், எதை மாற்றுவதானாலும் ஆள் வந்துதான் மாற்றுவார், வரும்போதெல்லாம் கட்டணம் உண்டு என்றார்கள். நம் பணத்தில் வாங்கிய பொருளுக்கு நம்மிடமே வாடகை வாங்குவது இது.

ஒலிப் பணியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் மற்றவை தெரியவந்தன. ஸ்பீக்கர் கேபிளின் நுனியை அவர் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம். ஒரே சுரண்டலில் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. கொட்டேஷனில் எழுதியிருந்தது முழுச் செம்புக் கம்பி. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான் என்பதால், நீளமான இணைப்பில் ஆம்ப்ளிஃபயரின் ஆற்றல் கம்பியிலேயே வீணாகிறது. பிறகு மைக்கை எடுத்தார். அது 1966 முதல் விற்பனையில் இருக்கிற ஷூர் எஸ்எம்58 மாடல் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். உண்மையான மைக்கின் எடை 298 கிராம் என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. தராசில் வைத்தபோது எங்களுடையது அதைவிட வெகுவாகக் குறைந்து நின்றது. அதிகம் விற்கும் மாடல்களுக்குத்தான் போலிகளும் அதிகம், ஆகவே பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள்.

வாட்ஸ் கணக்கிலும் ஏமாற்றினார்கள். பெட்டியின் மேல் 2,000 வாட்ஸ் என்று பெரிதாக இருந்தது, பின்னால் சிறிய எழுத்தில் அது பீக் அளவு, அதாவது கண நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு, என்று இருந்தது. பல தயாரிப்பாளர்கள் தொடர்ந்து தாங்கும் அளவைப் போல நான்கு மடங்கைத்தான் பீக் என்று போடுகிறார்கள். அப்படியானால் கையில் இருப்பது 500 வாட்ஸ். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவதோ 3 டெசிபல்தான் என்பதையும், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்ற அளவைக் கேட்க வேண்டும் என்பதையும் எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்வதில்லை.

ப்ரொஜெக்டர் பகல் வழிபாட்டில் வெளிறித் தெரிகிறது. விளக்கின் லூமன்ஸை, அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவைச் சொல்லி விற்றுவிட்டார்கள். லென்ஸுக்கு வெளியே வரும் ஒளியைத்தான், அதாவது ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ 21118 என்ற தரமுறையில் அளந்த லூமன்ஸைத்தான், கேட்க வேண்டும். உண்மையிலேயே 3,000 லூமன்ஸ் இருந்தாலும், 3 மீட்டருக்கு 1.7 மீட்டர் திரையில் விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 590 லூமன்ஸ், அதாவது 590 லக்ஸ். ஜன்னல் வெளிச்சம் 300 லக்ஸ் அந்தத் திரையில் விழுந்தால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைந்துவிடும். மெல்லிய எழுத்தில் போடும் வரிகள் அதில் காணாமல் போகின்றன. கம்பியில்லா மைக் விஷயம் தனி: 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பல நாடுகளில் கைபேசிச் சேவைக்குப் போய்விட்டதால், அந்த அலைவரிசையில் இயங்கும் பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

இனி இந்த வேலையைக் கொடுக்கப்போகிறவர்கள், எதிர்முழக்க நேரத்தை அளந்த அறிக்கை இல்லாமல் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டெமோவில் இசை வேண்டாம். உங்கள் ஆள் ஒருவர் மெல்லிய குரலில், கேட்பவர்களுக்குத் தெரியாத ஒரு பத்தியைப் படிக்கட்டும், கடைசி வரிசையில் இருப்பவர் கேட்டதை எழுதிக் காட்டட்டும். பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் எஸ்டிஐ என்ற குறியீடு உண்டு. அது கூடத்தின் எல்லாப் பகுதியிலும் 0.6ஐத் தொட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, தொடர்பில்லாத வேறொருவர் அளந்து சொல்லும்வரை பெருந்தொகை ஒன்றைக் கையில் நிறுத்தி வையுங்கள். கடவுச்சொல், செட்டிங் ஃபைல், வயரிங் வரைபடம் மூன்றும் ஒப்படைக்கும் நாளில் வந்தாக வேண்டும்.

பில்லில் ஒவ்வொரு பொருளின் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எங்கள் பில்லில் "ஆடியோ சிஸ்டம், ஒரு செட்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. போலி மைக்கையும் அலுமினியக் கம்பியையும் காட்டி நாங்கள் எழுதிய புகாருக்கு, அவை தாங்கள் கொடுத்த பொருள்களே அல்ல என்று அந்த நிறுவனம் இப்போது பதில் அனுப்பியிருக்கிறது.