சிவப்புச் செம்பனை எண்ணெய்: வாங்கலாம், ஆனால் பொரிக்க அல்ல

கோலாலம்பூர் பேரங்காடிகளில் சாதாரணச் சமையல் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே செக்கச்செவேல் என்று நிற்கும் இந்தப் போத்தலில் இருப்பது சாயமல்ல, கரோட்டின் என்ற இயற்கை நிறமி. வழக்கமான சுத்திகரிப்பில் நிறத்தையும் வாடையையும் நீக்கும்போது அது அழிந்துவிடும். இதில் கிலோவுக்குச் சுமார் 500 மில்லிகிராம் மிஞ்சுகிறது, கூடவே டோக்கோட்ரையனால் வகை வைட்டமின் ஈ. ஃப்ரீ ராடிக்கல் எனும் நிலையற்ற மூலக்கூறு, செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்தால், பக்கத்துக் கொழுப்பும் அடுத்தடுத்துக் கெடும். வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது.

பருப்பு தாளிக்க ஒரு மேசைக்கரண்டி, மிதமான தீ, அவ்வளவே. கடுகு வெடித்ததும் தீயைக் குறையுங்கள். வடை, அப்பளம் வேண்டவே வேண்டாம். நீண்ட சூட்டில் கரோட்டின் சிதைந்து எண்ணெய் வெளுக்கும், கொடுத்த காசு வீண். குளிர்பெட்டியில் உறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெளிச்சம் படும் கண்ணாடிப் போத்தல்தான் பெரிய குறை, அலமாரிக்குள் வையுங்கள்.

மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உண்டு; ஆகவே வழக்கமான எண்ணெய்க்குப் பதிலாக மட்டும். புகைப்பவர்கள், கரோட்டினின் ஒரு வகையான பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கம் போகவே கூடாது: 1994இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் விழுங்கிய புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது.