தோலை அரிக்குமா, எரிச்சலோடு விடுமா: சாம்பிளை எந்தச் சோதனைக்கு அனுப்புவது?

ஒரு புது வேதிப்பொருள் டிரம்மில் ஏறும் முன், அதன் பாதுகாப்புத் தாளில் ஒரு வரியை நிரப்பியாக வேண்டும்: தோலில் பட்டால் என்ன ஆகும்? பட்ட இடம் செத்துத் தழும்பாகும் என்றால் ஜிஹெச்எஸ் என்ற உலகளாவிய வேதிப்பொருள் வகைப்பாட்டில் அது முதல் வகை, அரிக்கும் பொருள். சிவந்து வீங்கிச் சில நாளில் ஆறிவிடும் என்றால் இரண்டாம் வகை, எரிச்சலூட்டும் பொருள். லேபிளில் வரும் படம், பேக்கிங், கையுறை எல்லாம் இந்த வரியைப் பொறுத்தே.

சாம்பிளை எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்வது என் வேலை. முயல், எலித்தோல், செயற்கைப் படலம், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றையும் நான் கடைசி வழிக்கே அனுப்புகிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்கு முன் பிஹெச் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால் அரிக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் இருந்தால் பயமில்லை என்று விட்டுவிட முடியாது. ஃபீனால் கரைசல் லேசான அமிலம்தான். தோலை வெளுக்கவைத்து, மரக்கவைத்து, வலிகூடத் தெரியாமல் எரித்துவிடும்.

முயல் சோதனை டிரெய்ஸ் என்ற நச்சியல் ஆய்வாளர் 1944-ல் எழுதிய முறையிலிருந்து வந்தது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி 404 ஆக 1981-ல் ஏற்கப்பட்டது. மழித்த முதுகில் சுமார் 6 சதுர செ.மீ. இடத்தில் அரை மில்லி, 4 மணி நேரம். தேவைப்பட்டால் 14 நாள் வரை கவனிப்பு. புண் ஆறுகிறதா இல்லையா என்பதை இது ஒன்றுதான் நேரில் காட்டும். அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது மனிதக் கண். சராசரி 2.3-ஐத் தொட்டால் இரண்டாம் வகை, தொடாவிட்டால் இல்லை. ஒருவர் 2 போடும் சிவப்புக்கு இன்னொருவர் 3 போடுவார். வெய்லும் ஸ்காலாவும் பல ஆய்வகங்களுக்கு ஒரே பொருள்களை அனுப்பி ஒப்பிட்டு, 1971-ல் வெளியிட்ட ஆய்வே இந்த முரணைக் காட்டிவிட்டது. தவிர, முயலின் தோல் நம் தோலைவிட எளிதில் உள்ளே விடும். இப்போது 404-ம் மற்ற வழிகளை முடித்துவிட்டு வா என்றுதான் சொல்கிறது.

எலித்தோல் மின்தடைச் சோதனை, அதாவது வழிகாட்டி 430, எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் தோலின் மேலடுக்கைக் குலைத்தால் மின்தடை சரியும். 5 கிலோஓமுக்குக் கீழே வந்தால் சந்தேகம், சாயம் ஊறவைத்து உறுதிசெய்வார்கள். தோலுக்காக எலியைக் கொல்ல வேண்டும். விடையும் அரிக்குமா இல்லையா என்பதோடு நின்றுவிடும்.

உண்மையான போட்டி படலச் சோதனைதான். காரோசிடெக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, வழிகாட்டி 435. ஒரு புரதப் படலம், அதன் கீழே நிறம் மாறும் திரவம். பொருள் படலத்தைத் துளைத்துக் கீழே இறங்கியதும் நிறம் மாறும். எத்தனை நிமிடத்தில் என்பதுதான் விடை. அன்றைக்கே முடிந்துவிடும். உயிருள்ள எதையும் பராமரிக்க வேண்டாம். வெறும் அமிலங்களும் காரங்களும் கையாளும் இடத்தில் நான் இருந்தால் இதையே எடுத்திருப்பேன்.

ஆனால் வாசலிலேயே ஒரு காவல் இருக்கிறது. முதலில் சாம்பிளை நேரே அந்தத் திரவத்தில் கலந்து பார்ப்பார்கள். நிறம் மாறாவிட்டால் சோதனையே கிடையாது. பிஹெச் 4.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருப்பவை பெரும்பாலும் இங்கேயே திரும்பிவிடுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வரும் சாம்பிள்களைப் பாருங்கள்: எண்ணெய், மெழுகு, கரைப்பான், பிசுபிசுக்கும் பிசின், நீரில் கரையாத பொடி. நமக்குச் சந்தேகம் வருவதே இவற்றில்தான். கந்தக அமிலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

வளர்த்த தோலை நான் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். மனிதத் தோல் செல்களைச் சவ்வின் மேல், கீழே ஊட்டத் திரவமும் மேலே காற்றுமாக வளர்க்கிறார்கள். வெளியடுக்கு வரை உருவாகிவிடும். பொருளை எதிலும் கரைக்க வேண்டாம். வேலை செய்பவரின் கையில் படும் அதே நிலையில் மேலே வைக்கலாம். எபிடெர்ம் என்ற பெயரில் கிடைக்கும் வளர்த்த தோலில் எரிச்சல் பார்க்கத் திரவம் என்றால் 30 மைக்ரோலிட்டர், பரவுவதற்கு மேலே ஒரு நைலான் வலை. பொடி என்றால் 25 மில்லிகிராம், கொஞ்சம் பஃபரால் ஈரப்படுத்திப் பரப்ப வேண்டும். பிசின் வகைதான் படுத்தும்: கழுவினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும்போது குச்சி தோலில் அழுந்தினால் அந்தத் துண்டு வீண்.

அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயக் கரைசல். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதாவை ஐசோப்ரோப்பனாலில் இறக்கிக் கருவியில் அளந்தால் எத்தனை சதவீதம் பிழைத்தது என்று தெரியும். 3 நிமிடத்தில் 50-க்குக் கீழே, அல்லது ஒரு மணி நேரத்தில் 15-க்குக் கீழே விழுந்தால் அரிக்கும், இது 431. எரிச்சலுக்கான 439-ல் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி, 42 மணி நேரம் விட்டுப் பார்க்கிறோம். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் எரிச்சலூட்டும். கண்ணால் போடும் மதிப்பெண் இல்லை, எண் வருகிறது.

குறையும் உண்டு. சாயங்கள் தம் நிறத்தையே எண்ணில் ஏற்றிவிடும். தயால் என்ற கந்தகச் சேர்மங்கள் போன்றவை செல் இல்லாமலேயே எம்டிடியை ஊதாவாக்கும். தோல் செத்துக் கிடக்கும், கருவி உயிரோடு இருக்கிறது என்று சொல்லும். அதற்காகவே செத்த தோலிலும் அதே பொருளை வைத்து, வரும் எண்ணைக் கழிக்கிறோம். வாயுவுக்கும் ஏரோசாலுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துச் செய்யும் கேடு இதில் எங்கும் பதிவாகாது. முதல் வகையின் உட்பிரிவுகளான 1பி-யையும் அதைவிட மெதுவாக அரிக்கும் 1சி-யையும் இது பிரித்துத் தராது, இரண்டும் ஒன்றாகவே வரும். படலச் சோதனை பிரிக்கும். கப்பலில் எந்தப் பேக்கிங் தொகுதி என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு கார சாம்பிள் 1சி-யில் நிற்கும் என்று நினைத்தால் நானும் படலத்துக்கே அனுப்புவேன்.

வரிசையும் முக்கியம். அரிக்கும் என்று சந்தேகம் இருந்தால் 431 முதலில். சாது என்று தோன்றினால் 439 முதலில். 50-க்கு மேலே வந்தால், லேசான எரிச்சலுக்கான மூன்றாம் வகையைக் கேட்காத இடங்களில், ஒரே சோதனையோடு வேலை முடிந்தது. தோல் வந்தால் சில நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும், ஃப்ரீசரில் போட்டுவைக்க முடியாது. ஆகவே ஆர்டர் போடும் முன்பே ஒரு சொட்டு சாம்பிளை எம்டிடி கரைசலில் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். ஊதாவானால் செத்த தோலுக்கும் சேர்த்தே ஆர்டர் போட வேண்டும்.