இரண்டு வெள்ளி இஞ்ச் டேப்: மூன்று வருடம் பையில் வைத்திருந்தவள் எழுதுவது

ஏர் ஃபிரையருக்கும் ரோபோ துடைப்பத்துக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். இஞ்ச் டேப்புக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மாடியில், பஞ்சாபி சூட் கடைகளுக்கும் தையல்காரர்களுக்கும் நடுவே நூல், ஊக்கு, லேஸ் விற்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. விலை 2 வெள்ளி. மஞ்சள் நிறம். ஒரு பக்கம் 60 அங்குலம், மறுபக்கம் 150 சென்டிமீட்டர், இரண்டு முனையிலும் உலோகப் பூண். நான் போனது பிளவுஸுக்குக் கொக்கி வாங்க. டேப் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அதற்கு முந்தின வாரம் நடந்த ஒரு சம்பவத்தால்தான் கை அதன் மேல் போனது.

அலுவலகத்துக்குக் கறுப்புக் கால்சட்டை வாங்க ஒரு கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். வழக்கமாகப் போடும் எல் தொடையிலேயே நின்றுவிட்டது. எக்ஸ்எல் இடுப்பில் பொத்தான் சேரவில்லை. வேறு டிசைனில் எம் எடுத்துப் பார்த்தேன், அது தொளதொளவென்று இறங்கியது. நான் திரைக்கு உள்ளே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும்போது, "இதுக்கு மேல பெரிய சைஸ் இல்லை" என்று விற்பனைப் பெண் வெளியிலிருந்து உரக்கச் சொன்னாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் யீஷூன் வரைக்கும் என் உடம்பைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

டேப் வாங்கிய சனிக்கிழமை இரவு, அலமாரியில் இருந்த ஐந்து கறுப்புக் கால்சட்டைகளையும் கட்டிலில் வரிசையாகப் போட்டேன். ஐந்தும் எனக்குக் கச்சிதமாக இருப்பவை. லேபிள்களில் இருந்தது: எம், எல், எக்ஸ்எல், 12, 31. இடுப்புப் பட்டியை டேப் வைத்து அளந்தால்: 83, 84, 83, 84, 83. ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஐந்து பெயர்! அதிலும் அந்த 31 இருக்கிறதே, அது அங்குலமாக இருந்தால் 79 செ.மீ. தான் வரவேண்டும். 83 இருந்தது. வாங்குகிறவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று தைக்கும்போதே நாலு சென்டிமீட்டர் சேர்த்து, லேபிளில் மட்டும் சின்ன எண்ணைப் போடும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. எனக்கும் அன்றுவரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஸ்டாக் எடுக்கிறியா?" என்றார். நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவள். ஆமாம், ஸ்டாக்தான்.

என் அளவுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்குக்கு வேண்டும். உயரம் 154, மார்பு 97, இடுப்பு 82. எல்லாம் செ.மீ. இதை எழுதக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. எம்-ஆ, எல்-ஆ என்று கேட்கும்போதுதான் கூசுகிறது.

சரி, 12 என்ற எண் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1939-40-இல் ஏறக்குறைய 15,000 பெண்களை நிறுத்தி, ஆளுக்கு 59 அளவு எடுத்திருக்கிறார்கள். எடுத்தது வேளாண் துறை! கோதுமைக்கும் பருத்திக்கும் அடுத்தபடி பெண்கள் போலிருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். அதை வைத்து 1958-இல் ஒரு தர அளவு வந்தது. கடைகள் தம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போக, 1983-இல் அதையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு 12 என்றால் அந்தந்தக் கடை சொல்வதுதான். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் 12 அமெரிக்காவில் 8. சிங்கப்பூரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் தொங்குகின்றன.

ஆச்சரியப்படுத்தியது சீன லேபிள். புகிஸ் ஸ்திரீட்டில் வாங்கிய ஒரு சட்டையின் உள் தையலில் 160/84ஏ என்று இருந்ததை ஏதோ தொழிற்சாலைக் குறியீடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 160 என்பது போடுகிறவரின் உயரம், 84 அவருடைய மார்பளவு, இரண்டும் செ.மீ.யில். ஏ என்பது மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம்: 14 முதல் 18 வரை இருந்தால் ஏ, அதைவிட அதிகமாகி 24 வரை போனால் ஒய், 9 முதல் 13 வரை பி, 4 முதல் 8 வரை சி. கால்சட்டையாக இருந்தால் நடுவில் உள்ள எண் இடுப்பளவு. என் வித்தியாசம் 15. ஆக நான் 155/96ஏ. உடை லேபிள் ஒன்று என்னை ஒழுங்காக அடையாளம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டை ஏன் மூச்சை அடைத்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடைக்காரர் "ஃப்ரீ சைஸ், கேன் வேர் லா" என்று கொடுத்தது 84 மார்புக்குத் தைத்த சட்டை!

கொரியக் கடைகளில் 55, 66 என்று பார்த்திருப்பீர்கள். 55 என்பது 155 செ.மீ. உயரத்தின் கடைசி 5, 85 செ.மீ. மார்பின் கடைசி 5. அழகான யோசனைதான், எனக்கு உதவாது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. 70-களில் கல்லாங் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தைத்தவர். ஏற்றுமதிச் சட்டைகள், ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை காலர் என்று கணக்கு. "நூறு துணியை அடுக்கி வச்சு மெஷின் கத்தியால ஒண்ணா வெட்டுவாங்க. கத்தி லேசா சாய்ஞ்சா மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒரே அளவா இருக்கும்? அரை இஞ்ச் முன்ன பின்ன இருந்தா சூப்பர்வைசர் பாஸ் பண்ணிடுவாரு" என்றார். அதாவது ஒரே கடையில், ஒரே டிசைனில், ஒரே எம்மில் இரண்டு எடுத்தால் அதற்குள்ளேயே ஒரு அங்குலம் வித்தியாசம் வரலாம். அன்றிலிருந்து ஒன்று பிடித்திருந்தால் அதே சைஸில் இரண்டு மூன்றைக் கையில் எடுத்து டேப் வைக்கிறேன். விற்பனையாளர்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இனி டேப்பை நான் பயன்படுத்தும் விதம். உடம்பை அளப்பதைவிட, நமக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய உடையை அளப்பதுதான் பலன் தருகிறது. உடம்பை அளக்கும்போது வயிற்றை எக்குகிறோம், டேப் முதுகில் கீழே இறங்கிவிடுகிறது. பிடித்த டாப்ஸை மேசையில் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் வரை வைத்தால் பொய் சொல்ல முடியாது. அதை இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. என் நல்ல காட்டன் டாப்ஸ் 52, அதாவது 104. உடம்பை விட 7 அதிகம். இழுபடாத துணிக்கு அந்த இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்கி எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாது. பனியன் துணி 97 இருந்தாலே போதும். கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி, தொடை, அப்புறம் முன்பக்கத் தையல்கள் சேரும் இடத்திலிருந்து பட்டி வரை உள்ள உயரம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. உட்கார்ந்தால் வயிற்றை வெட்டும் கால்சட்டைகளில் குறை பெரும்பாலும் அங்கேதான்.

இந்த அக்குள் கணக்கு இங்கே புதிதில்லை. வலைப்பூவில் உடை விற்ற காலத்திலேயே நம்மூர்ப் பெண்கள் "பிட் டு பிட் 17 இஞ்ச்" என்று படத்துக்குக் கீழே எழுதிப் போடுவார்கள். இப்போது கரோசெல்லில் பழைய உடை வாங்கும்போது நான் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். அளந்து சொல்பவரிடம் வாங்குகிறேன். "எம், ஷுட் ஃபிட்" என்பவரிடம் வாங்குவதில்லை.

இந்தியாவிலிருந்து வரும் குர்தியில் வேறொரு வம்பு. 40 என்று இருக்கும். அங்குலம்தான், சந்தேகமில்லை. ஆனால் எதன் 40? சிலர் போடுகிறவளின் மார்பைச் சொல்கிறார்கள், சிலர் துணியின் சுற்றைச் சொல்கிறார்கள். துணி 40 என்றால் எனக்கு இறுக்கிப் பிடிக்கும், உடம்பு 40 என்றால் இன்னொருத்தியும் உள்ளே வரலாம். போன தீபாவளிக்கு ஆர்டர் செய்த பஞ்சாபி சூட் துணியின் சுற்று என்று நம்பி வாங்கி, உடம்பின் அளவாகத் தொளதொளவென்று வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையில் பாதி. இந்தியர்களுக்கென்று அளவு அட்டவணை தயாரிக்க அங்கே நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளக்கும் திட்டம் போட்டது. அது லேபிளுக்கு வரும்வரை விற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு தேக்கா மாடிக்கே போனேன். தையல்காரத் தம்பிக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், என்னைவிட பதினைந்து வயதாவது சின்னவர். கைப்பேசியில் நான் குறித்து வைத்திருந்த அளவுகளைப் பெருமையாகக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "அளவு டாப்ஸு கொண்டாந்தீங்களா அக்கா?" கொண்டு போயிருந்தேன். அதைப் பரப்பி, கழுத்தில் கிடந்த தம் டேப்பை வைத்தார். அவர் சொன்ன எண் என் எண்ணைவிடக் கால் அங்குலம் குறைவு. விடுவேனா? பையிலிருந்து என் டேப்பை எடுத்து அவருடையதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். அவருடைய 20-க்கு நேராக என்னுடையதில் 20-ஐத் தாண்டிக் கால்.

தம்பி சிரித்துவிட்டார். "என்னோடது துணி டேப்புக்கா, பல வருசமா இழுத்து இழுத்து நீண்டு போச்சு. ஆனா இதுலயே எடுத்து இதுலயே வெட்டுறேன். அதனால தப்பு வராது."

நான் பதில் பேசவில்லை. 12 வெள்ளி. சூட் நான்கு நாளில் கிடைத்தது, அக்குளில் இருந்து இடுப்புவரை பிடித்துத் தைத்து, உள்ளே ஒன்றரை அங்குலம் துணியை வெட்டாமல் விட்டிருந்தார். "தீபாவளி பலகாரத்துக்கு" என்றார்.

டேப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். சென்டிமீட்டர் ஒரு முனையில் தொடங்குகிறது, அங்குலம் மறுமுனையில், அவசரத்தில் திருப்பிப் பிடித்துத் தப்பாகப் படித்திருக்கிறேன். வாங்கியதும் ஒரு ஏ4 தாளின் நீளத்தை அளந்து பாருங்கள், 29.7 வர வேண்டும். என்னுடையதில் வந்தது. அம்மாவுக்காக வாங்கிய இரண்டாவதில் 29.4 தான் காட்டியது, மாற்றிக் கொடுத்தார்கள். பொத்தானை அமுக்கினால் உள்ளே சுருண்டு ஓடும் வகை வேண்டாம். தன்னைத் தானே அளக்கும்போது அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. துணி டேப்பைவிட நார் பதித்த பிளாஸ்டிக் டேப் நல்லது, தம்பியின் டேப்பைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

ஐந்துக்கு நாலரை. எப்போதும் ஒரே இடத்தில் மடித்துக் கைப்பையில் திணித்ததில் 38 மட்டும் அழிந்துவிட்டது. 37-க்கு அப்புறம் நேராக 39. அரை நட்சத்திரம் அதற்குத்தான்.