ஃபுட் ஸ்டூலா, கிட்டார் சப்போர்ட்டா?

ஆறு வருடம் ஃபுட் ஸ்டூலில் இடது காலை வைத்துத்தான் கிளாசிக்கல் கிட்டார் வாசித்தேன். போன வருடம் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் வாசித்துவிட்டு எழுந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கிட்டாரின் பக்கவாட்டில் ஒட்டி, தொடையில் நின்று கிட்டாரை உயர்த்தும் சப்போர்ட்டுக்கு மாறினேன். முதுகுவலி உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஸ்டூலின் நன்மை தெரிந்ததுதான்: விலை குறைவு, மடித்து எடுத்துப் போகலாம், எந்தக் கிட்டாருக்கும் ஆகும்.

ஆனால் ஒரு காலை மட்டும் 15 செ.மீ. தூக்கி வைத்தால் இடுப்பு கோணலாகி, கீழ்முதுகு வளைகிறது. அந்த வளைவிலேயே தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்காருகிறோம். சப்போர்ட் இருந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகின்றன.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரு சின்னச் சோதனை. வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள். கிட்டாரின் கழுத்து கீழே இறங்குகிறதா? அப்படியானால் இத்தனை நாளும் அதைத் தாங்கியது உங்கள் இடது கைதான். அதே கையால் பார் கார்டும் (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடி) பிடித்தால் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்காமல் என்ன செய்யும்? ஸ்டூலில் என் கிட்டார் ஒவ்வொரு முறையும் இறங்கியது. சப்போர்ட்டில் அப்படியே நின்றது. கழுத்தை இன்னும் உயர்த்த முடிந்ததால் மணிக்கட்டும் அதிகம் மடங்கவில்லை. ஸ்பெயினின் தியோனிசியோ அகுவாடோ 19ஆம் நூற்றாண்டிலேயே கிட்டாரை ஒரு முக்காலித் தாங்கியில் நிறுத்தி வாசித்தவர். கைகளுக்கு விடுதலை வேண்டும் என்ற தேடல் அவ்வளவு பழையது.

சப்போர்ட்டுக்குப் பராமரிப்பு உண்டு. அதைக் கிட்டாரில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் சக்‌ஷன் கப்பில் தூசியோ வியர்வையோ இருந்தால் பிடி விட்டுவிடும். ஒருமுறை பாதிப் பாட்டில் கழன்று, கிட்டார் சரிந்தது. இப்போது ஈரத்துணியால் கப்பைத் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்டுகிறேன். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் வட்டமாகத் தடம் விழும். ஃபிரெஞ்ச் பாலிஷ் (அரக்கை மெல்லியதாகப் பூசும், எளிதில் கெடும் மேற்பூச்சு) போட்ட கிட்டாரில் நேரடியாக ஒட்டவே வேண்டாம்.

தொடையில் வைக்கும் மெத்தையை ஒரு வாரம்தான் பயன்படுத்தினேன். எனக்கு உயரம் போதவில்லை. குள்ளமானவர்களுக்குச் சரியாக இருக்கலாம்.

விரல் மரத்துப்போனாலோ இரவில் கை வலித்தாலோ, எதையும் வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.