வந்து வந்து போகும் மின்கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, ஸ்கோப்பா?

முழுசாகச் செத்துப்போன மின்சுற்றைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. ஓடும்போது நின்றுவிட்டு, பட்டறைக்கு வந்ததும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் காரில்தான் பணமும் நேரமும் கரைகின்றன. இந்த வேலைக்கு எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் ஓட்டு, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டருக்கு.

ஆனால் எல்லோரும் முதலில் செருகுவது, காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைத்தான். அதில் தப்பில்லை. கோளாறுக் குறியீட்டோடு, அது பதிவான நொடியில் இருந்த வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இருக்கும். சூடானால் வரும் கோளாறா, கரடுமுரடான ரோட்டில் வருவதா என்று ஊகிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. பல பட்டறைகளில் இதைக் குறித்துக்கொள்ளாமலே குறியீட்டை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்க விடாதீர்கள், முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் சுட்டுவது சுற்றைத்தான், பாகத்தை இல்லை. பி0335 என்ற குறியீடு வந்தால், எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் சுற்றில் கோளாறு என்று அர்த்தம். சென்சாரே போயிருக்கலாம். ஒயர்களை இணைக்கும் கப்ளரில் பச்சை பூத்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். மாட்யூல்களுக்கு (காரில் உள்ள கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு) இடையே தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யூ வரிசைக் குறியீடுகள் ஒரே நேரத்தில் ஏழெட்டு வந்தால், ஒவ்வொரு மாட்யூலாகச் சந்தேகப்பட வேண்டாம். பொதுவான சப்ளை, எர்த், மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடியான கேன் லைன், இந்த மூன்றைப் பாருங்கள். விலை மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சினை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாது.

மல்டிமீட்டரைப் பலரும் ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, ‘ஒயர் நல்லா இருக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரும் ஓம்ஸில் நல்ல ஒயராகத்தான் தெரியும். கரன்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஹெட்லைட், பிளோயர் எல்லாம் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டும் வேலை இருக்கிறது. அப்புறம் மீட்டரை, குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் ‘மின்-மேக்ஸ்’ (min-max) பதிவில் வைத்து, ஒருவரை ஒயரிங்கை அசைக்கச் சொல்லுங்கள். கதவுக் கீல் பக்கமுள்ள ரப்பர் குழாயை விட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து மூடி வளைந்து வளைந்து, அங்கே உறைக்குள்ளேயே ஒயர் அறுந்திருக்கும்.

கேன் லைனுக்கும் மீட்டர் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வரும். 120 காட்டினால், இரு முனைகளிலும் இருக்கும் மின்தடைகளில் ஒன்று துண்டாகிவிட்டது. சாக்கெட்டுக்கும் கேன் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் வைத்த சில கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மீட்டர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அதன் திரை நொடிக்குச் சில முறைதான் மாறும். சில மில்லிநொடி மட்டும் சிக்னல் விழுந்து எழுந்தால் கண்ணில் படாது. அங்கே, சிக்னலை அலையாகத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். இரண்டு சேனல் போதும். ஒன்றில் கிராங்க் சிக்னல், இன்னொன்றில் சென்சாருக்குப் போகும் சப்ளை. எது முதலில் விழுகிறது என்று பார்த்தால் பழி யார் மேல் என்று தெரிந்துவிடும். ஆனால் சரியான அலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கே அது உதவும். நல்ல நிலையில் உள்ள கார்களில் அலைகளைப் பார்த்துப் பழகிய பிறகு வாங்குங்கள்.

பாகத்தை மாற்றிப் பார்ப்பது என்ற நாலாவது வழி, ரிலேக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கு) மட்டும் சரி. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம், செலவில்லை. ஈசியூவில் இதை முயலாதீர்கள். பெரும்பாலான கார்களில், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடும் சாவியோடும் அதைப் பொருத்திப் பதிவு செய்யாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது.