28 அங்குல கறுப்பு சைக்கிள்: எல்லாம் சரி, அந்தப் பின்சக்கரம்தான்

பின் டயர் மாற்றிய கையோடு எழுதுகிறேன், காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராடு பிரேக், முழு செயின் கவர், பின் அச்சிலேயே மாட்டிய ஸ்டாண்டு. இந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் விலை கேட்கிறார்கள், கேரியர் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறார்கள். பின்சக்கரம் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

வெறும் பஞ்சர் என்றால் கழற்றவே வேண்டாம். ஸ்டாண்டு போட்டு, மிச்சக் காற்றை இறக்கி, வால்வ் நட்டைக் கழற்றுங்கள். செயின் இல்லாத பக்கம் டயர் விளிம்பை, வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி நெம்பி எடுத்தால் டியூபை உருவிவிடலாம். இருபது நிமிட வேலை. பேட்ச் பிய்த்துக்கொண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ஒட்டியதும் டயரை மூடிவிடாதீர்கள். டியூபில் ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து தெரியாது, டயரை மடக்கினால்தான் கறுப்புப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் முள் இல்லை. காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதால் ரிம் கடித்தது. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ரிம் பட்டையை விலக்கி, எந்த போக்ஸ் கம்பியின் முனை துருத்துகிறது என்று தேடுங்கள்.

டயரோ டியூபோ மாற்ற வேண்டி வந்தால்தான் வினை. ஒரே அச்சு நட்டுக்கு அடியில் வாஷர், கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, ஸ்டாண்டுக் கால் என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது. நட்டைத் தளர்த்தினால் வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டே கழன்றுவிடும். தாங்குவதையும் கழற்றுவதையும் ஒரே இடத்தில் வைத்த புத்தியை என்ன சொல்ல! வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தபிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்பக்கம் உட்கார்ந்திருப்பதால், அவற்றைத் தளர்த்தித் திருப்பாமல் சக்கரத்தை இழுத்தால் இடிக்கும். செயின் கவரின் பின்துண்டைக் கழற்றி, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கையும் எடுக்க வேண்டும். கழற்றும் வரிசையிலேயே வாஷர்களைக் கம்பியில் கோத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது ஒன்று மிஞ்சும்.

திரும்ப மாட்டுவது அதைவிட மோசம். லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் நடுவில் மேலும் கீழும் ஒரு செ.மீ. ஆட்டம் இருக்கட்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கே இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். வலது நட்டைக் கொஞ்சம், இடது நட்டைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் சக்கரம் கோணும், சில சமயம் அச்சில் இருக்கும் ‘கோன்’ என்ற கூம்பு நட்டும் கூடவே சுற்றி, சக்கரம் உருள உதவும் இரும்புக் குண்டுகளை (பால்ஸை) இறுக்கிவிடும். கையால் சுற்றிவிட்டால் சக்கரம் தயங்காமல் ஓடி நிற்க வேண்டும்.

இத்தனை திட்டியபிறகு அந்த வால்வைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். இரவு அடித்த காற்று காலையில் பாதி இறங்கியிருந்தால் டியூபைத் தொடாதீர்கள். வால்வ் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்வ் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் கெட்டுவிட்டது. மேல் நட்டைக் கழற்றி முனையை உருவி, இறுகிப்போன பழைய ரப்பரைப் பிய்த்துவிட்டுப் புதிதை எச்சில் தொட்டு ஏற்றுங்கள். பக்கத்துளையை மூடி, மேல் விளிம்புவரை ஏற வேண்டும். சில்லறைக் காசு, இரண்டு நிமிடம், ஸ்பேனர்கூட வேண்டாம். எத்தனை விலை கொடுத்து வாங்கும் சைக்கிளிலும் இந்தச் சுகம் கிடையாது.

ஃப்ரேம் அசையாது. கேரியரில் மூட்டை ஏற்றினாலும் முனகாது. பக்கத்தில் கடை இருந்து, பின் டயரை நீங்களே மாற்றப்போவதில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எனக்கா? இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். ஒரு வாஷர் இன்னும் கையில் இருக்கிறது.